பனி ஊரில் பந்து ஜெயித்தது... கிரிக்கெட் ஊரில் கபடி ஜெயிக்குமா?

பொங்கல் நெருங்கினால் அரியலூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரே திடலுக்கு இரண்டு ஷிப்ட். பகலில் கிரிக்கெட், பொழுது சாய்ந்தால் கபடி.

மாலை வரை ஸ்டம்ப் நட்டிருந்த இடத்தில், இருட்டியதும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிறார்கள். நாலு பக்கமும் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் கட்டுகிறார்கள். மைக் செட் வந்துவிடும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை என்று வரிசையாகப் பெயர் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர் மேடைக்குப் பின்னால் தொங்கும். கொள்ளிடத்துக்கு வடக்கே, விக்கிரமங்கலம் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் சடுகுடு என்றார்கள், இப்போது கபடி. பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆனால், கோட்டுக்கு வெளியே நின்று விசில் அடிக்கும் பையனின் செல்போனை வாங்கிப் பாருங்கள். வால்பேப்பரில் பெரும்பாலும் மஞ்சள் ஜெர்சிதான் இருக்கும். சென்னை சூப்பர் கிங்ஸின் பதினோரு பேரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். தமிழ்நாட்டின் பெயரில் ஆடும் புரொஃபஷனல் கபடி அணியில் இந்த வருஷம் யார் யார் என்று கேட்டால், இரண்டு மூன்று பெயருக்கு மேல் தடுமாறுவான்.

இது ஒரு விநோதமான கணக்கு. மண்ணில் பிறந்த ஆட்டம் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும், அந்த ஆட்டத்தின் புரொஃபஷனல் அணிக்கு, 'இது எங்க டீம்' என்று உரிமை கொண்டாடும் கூட்டம் கிரிக்கெட் அளவுக்குச் சேரவில்லை. ஏன்?

டி.வி-க்கு ஏற்றபடி மாறிய சடுகுடு

புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலையில். தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவும், வர்ணனையாளராகப் பெயர்பெற்ற சாரு ஷர்மாவும் இதற்கு முக்கியக் காரணம். 'மண்ணில் புரளும் ஆட்டத்தை யார் டி.வி-யில் பார்ப்பார்கள்?' என்ற சந்தேகம் அப்போது பலருக்கும் இருந்தது. முதல் சீசன் முடிந்தபோது வெளியான கணக்கு, 43.5 கோடி பார்வையாளர்கள். அந்த வருஷம் ஐ.பி.எல்-லுக்கு அடுத்த இடம் கபடிக்குத்தான்.

இதற்காக ஆட்டத்தைச் செதுக்கினார்கள். மண் தரை போய் மேட் வந்தது. வெறுங்கால் போய் ஷூ வந்தது. ஒருவர் பாடிப் போய்த் திரும்ப 30 விநாடி மட்டுமே என்று கடிகாரம் ஓடவிட்டார்கள். தொடர்ந்து இரண்டு முறை ஒன்றுமில்லாமல் திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாடிப் போனவர் அவுட். இதற்கு 'டூ ஆர் டை ரெய்டு' என்று பெயர். எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஆளைப் பிடித்துவிட்டால் 'சூப்பர் டேக்கிள்', கூடுதலாக ஒரு புள்ளி. மொத்தம் 40 நிமிஷ ஆட்டம். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் கை கழுவ எழுந்திருக்க முடியாத வேகம்.

முதல் சீசனில் கோப்பையை வென்றது ஜெய்ப்பூர். அந்த அணியின் பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். நம் ஊர் மூளை அன்றே அங்கே இருந்தது. நம் ஊர் அணிதான் இல்லை.

தலைவாஸ் வந்தது... பிறகு?

2017-ல் லீக்கை 8 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரித்தபோதுதான் 'தமிழ் தலைவாஸ்' பிறந்தது. உரிமையாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? சச்சின் டெண்டுல்கர். கிரிக்கெட்டின் கடவுள் என்று கொண்டாடப்பட்டவர் கபடிக்கு முதல் போட்டார். கமல்ஹாசன் விளம்பரத் தூதர் ஆனார். 2016 உலகக் கோப்பையில் அதிக ரெய்டு புள்ளிகள் எடுத்த இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாக்கூர் கேப்டன். பயிற்சியாளர் அதே பாஸ்கரன். அதே வருஷம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனலும் வந்துவிட, வர்ணனையும் தமிழில் கேட்டது. அந்த சீசனின் இறுதிப்போட்டியே 2017 அக்டோபரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில்தான் நடந்தது.

நட்சத்திரம், பணம், டி.வி, மொழி... எல்லாம் கூடி வந்தன. வெற்றி மட்டும் வரவில்லை.

முதல் சீசனில் தன் பிரிவில் கடைசி இடம். 2018-ல் சென்னையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் நடப்பு சாம்பியன் பாட்னாவை 42–26 என்று புரட்டிப் போட்டபோது அரங்கம் அதிர்ந்தது. ஆனால், அந்த சீசனும் கடைசி இடத்தில்தான் முடிந்தது. 2019-ல் 12 அணிகளில் 12-வது இடம்.

2022-ல் ஓர் அதிசயம் நடந்தது. 2.26 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். 'இந்த வருஷமும் போச்சு' என்று ரசிகர்கள் நினைத்தபோது, நரேந்தர் என்ற இளைஞர் புகுந்து விளையாடினார். அணி முதன்முறையாக அரையிறுதி வரை போய், புனே அணியிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அந்த சீசனில்தான் தமிழ்நாட்டு ரசிகர்கள் கொஞ்சம் மனசைக் கொடுத்தார்கள். ஆனால், அதை நேரில் பார்க்க முடிந்ததா? இல்லை. அந்த வருஷ ஆட்டங்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத்தில் நடந்து, நாக்அவுட் சுற்று மும்பையில் முடிந்தது. கொரோனா காலத்து சீசன் முழுவதும் ஆளில்லாத பெங்களூரு அரங்கில். 2024-ல் ஹைதராபாத், நொய்டா, புனே. கணக்குப் போட்டால், 2019 ஆகஸ்ட்டுக்கும் 2025 செப்டம்பருக்கும் இடையே ஆறு வருஷத்தில் சென்னை பார்த்தது ஒரே ஒரு சுற்றுதான். அது 2023 டிசம்பரில், சில நாள்கள் மட்டும்.

சொந்தக்காரர் வீட்டுக்கு ஆறு வருஷத்தில் ஒரு தடவை வந்துவிட்டு, 'என்னை மறந்துட்டீங்களே' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இதே கேள்வியைக் கேட்ட இன்னொரு நாடு

ஒரு ஆட்டத்தை உயிராக நினைக்கும் ஊரில் இன்னொரு ஆட்டத்துக்கு ரசிகர்களைச் சேர்க்க முடியுமா? 30 வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியோடு தவித்தது கனடா. அங்கே கிரிக்கெட்டின் இடத்தில் ஐஸ் ஹாக்கி. கபடியின் இடத்தில் கூடைப்பந்து.

கபடி நமக்குச் சொந்தம் என்பதுபோல, கூடைப்பந்தும் ஒருவகையில் கனடாவுக்குச் சொந்தம்தான். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். இன்று என்.பி.ஏ. என்று உலகம் கொண்டாடும் லீக்கின் முதல் ஆட்டம்கூட 1946 நவம்பர் 1-ம் தேதி டொரன்டோவில்தான் நடந்தது. அன்று கூட்டம் சேர்க்க ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்: உள்ளூர் அணியின் உயரமான வீரரான ஆறடி எட்டு அங்குல ஜார்ஜ் நாஸ்ட்ராண்டைவிட நீங்கள் உயரமா? அப்படியானால் டிக்கெட் இலவசம்!

பாச்சா பலிக்கவில்லை. 'டொரன்டோ ஹஸ்கீஸ்' என்ற அந்த அணி ஒரே சீசனில் கடையை மூடியது. பிறகு 48 வருஷம் கனடாவில் என்.பி.ஏ. அணியே இல்லை.

1995-ல் மறுபடி இரண்டு அணிகள் களமிறங்கின. கிழக்கே டொரன்டோ ராப்டர்ஸ், மேற்கே வான்கூவர் கிரிஸ்லிஸ். இரண்டு ஊருமே ஐஸ் ஹாக்கி வெறி பிடித்த ஊர்கள். இரண்டு அணியுமே ஆரம்பத்தில் செம அடி வாங்கின. முதல் சீசனில் டொரன்டோ 82 ஆட்டங்களில் வென்றது 21 மட்டுமே.

ஆனால், முடிவு வேறு வேறு. வான்கூவர் அணி ஆறு வருஷத்தில் 101 ஆட்டங்களில் வென்று 359-ல் தோற்றது. 1999-ல் அவர்கள் தேர்வு செய்த ஸ்டீவ் ஃபிரான்சிஸ் என்ற இளம் வீரர், 'அந்த ஊருக்குப் போகமாட்டேன்' என்று பிடிவாதமாக நின்று வேறு அணிக்குப் போனார். கனடா டாலரின் மதிப்பும் சரிந்திருந்தது. அணி கைமாறி, 2001-ல் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்கே போய்விட்டது.

இதில் ஒரு வேதனையான விஷயம் உண்டு. வான்கூவருக்கு எதிரே உள்ள தீவில், விக்டோரியா நகரத்தில் வளர்ந்த பையன் ஸ்டீவ் நாஷ். பின்னாளில் 2005, 2006 என இரண்டு முறை என்.பி.ஏ-வின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கியவர். பக்கத்து ஊர்ப் பிள்ளையான அவர், வான்கூவர் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

டொரன்டோ மட்டும் எப்படித் தப்பியது?

டொரன்டோவில் நடந்தது வேறு கதை. அதன் முதல் அத்தியாயத்தை எழுதியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

ஐஸ் ஹாக்கி காசு பிடிக்கும் ஆட்டம். ஸ்கேட்டிங் ஷூ, ஹெல்மெட், உடம்பு முழுக்கக் கவசம், மட்டை, பனித்தளத்துக்கு வாடகை... இரண்டு வேலை பார்த்து வீட்டு வாடகை கட்டும் குடும்பத்தால் அது முடியாது. கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் பள்ளிக்கூடத்து வளையமும் போதும். கரீபியன், ஆப்பிரிக்கா, பஞ்சாப், பிலிப்பைன்ஸ், இலங்கை என்று உலகின் பல மூலைகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஈழத்தமிழர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோ பகுதியும் இதில் சேர்த்தி. இன்று ஸ்கார்பரோவின் பெயரிலேயே ஒரு புரொஃபஷனல் கூடைப்பந்து அணி இருக்கிறது. 'ஸ்கார்பரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ்' என்ற அந்த அணி 2023-ல் கனடாவின் உள்நாட்டு லீக் கோப்பையை வென்றது.

இந்தக் கதையின் முகம் என்று ஒருவரைச் சொல்வதானால் நவ் பாட்டியாவைச் சொல்ல வேண்டும். 1984-ல் சீக்கியர்களுக்கு எதிரான வன்முறைக்குப் பின் இந்தியாவிலிருந்து கனடா போனவர். படித்தது இன்ஜினீயரிங். தலைப்பாகையும் தாடியுமாகப் போனவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கார் விற்கும் வேலையில் சேர்ந்தார். மூன்று மாதத்தில் 127 கார் விற்றார். பிறகு கார் விற்பனை நிலையத்துக்கே சொந்தக்காரர் ஆனார். 1995-ல் ராப்டர்ஸின் முதல் சீசனிலேயே அரங்கில் ஒரு இடம் பிடித்தவர், அணி தோற்றபோதும் எழுந்து போகவில்லை. வைசாகி திருநாளையொட்டி தன் செலவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆட்டம் பார்க்க அழைத்துப் போவதை வழக்கமாக்கினார். அதில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். 2019-ல் அணி சாம்பியன் ஆனபோது வீரர்களுக்குத் தரும் மோதிரத்தை அவருக்கும் கொடுத்தார்கள். 2021-ல் கூடைப்பந்தின் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரை ஒரு ரசிகராகவே கௌரவித்தது.

அணி நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. 2014-ல் 'நாங்கள் வடக்கு' என்ற பொருள்படும் 'வி தி நார்த்' முழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். 'நாங்கள் குளிர் தேசத்துக்காரர்கள், ஒதுக்கப்பட்டவர்கள், ஆனாலும் ஒன்றாக நிற்கிறோம்' என்கிற தோரணை. டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்காக அரங்கத்துக்கு வெளியே சதுக்கத்தில் பெரிய திரை வைத்தார்கள். கொட்டும் மழையிலும் இளைஞர்கள் அங்கே நின்று பார்த்தார்கள். அந்த இடத்துக்கு 'ஜுராசிக் பார்க்' என்றே பெயர் விழுந்தது.

2019 இறுதிச்சுற்றின்போது ஹாலிஃபேக்ஸ், ரெஜைனா என்று நாட்டின் பல ஊர்களிலும் தெருவில் திரை முளைத்தது. ஜூன் 13-ம் தேதி கோல்டன் ஸ்டேட் அணியை 114–110 என்று வீழ்த்தி டொரன்டோ கோப்பையைத் தூக்கியது. நான்கு நாள் கழித்து நடந்த வெற்றி ஊர்வலத்தில் டொரன்டோ நகரமே தெருவில் இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே வேறொன்றும் நடந்தது. 2012 முதல் மான்ட்ரியால், வான்கூவர், வின்னிபெக், எட்மன்டன் போன்ற ஐஸ் ஹாக்கி நகரங்களுக்கு என்.பி.ஏ. தன் பயிற்சி ஆட்டங்களைக் கொண்டுபோனது. 'நீங்கள் டொரன்டோ வாருங்கள்' என்று காத்திருக்கவில்லை.

பலன்? 2000-ம் ஆண்டு வாக்கில் ராப்டர்ஸின் வின்ஸ் கார்ட்டர் பறந்து பறந்து பந்து போட்டதை டி.வி-யில் பார்த்து வளர்ந்த தலைமுறைப் பிள்ளைகள் பின்னாளில் தாங்களே என்.பி.ஏ. வீரர்கள் ஆனார்கள். 2023 உலகக் கோப்பையில் கனடா அமெரிக்காவைத் தோற்கடித்து வெண்கலம் வென்றது. ஹாமில்டன் நகரில் வளர்ந்த ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் 2025-ல் என்.பி.ஏ-வின் மிகச்சிறந்த வீரர்.

ஹாக்கி அழிந்துபோனதா? இல்லவே இல்லை. டொரன்டோவின் ஹாக்கி அணி 1967-க்குப் பிறகு கோப்பையை வெல்லவில்லை. ஆனாலும் ரசிகர்கள் அதை விட்டுப் போகவில்லை. சொல்லப்போனால் இரண்டு அணியும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம், ஒரே அரங்கில் ஆடுகின்றன. ஹாக்கி முடிந்ததும் பனித்தளத்தின் மேல் தடுப்புப் பலகை விரித்து, அதன்மேல் மரத்தளத்தைப் பொருத்துவார்கள். அடியில் பனி அப்படியே இருக்கும். மேலே கூடைப்பந்து நடக்கும்.

பகலில் கிரிக்கெட், இரவில் கபடி என்று இருக்கும் நம் ஊர்த் திடலும் இதே கதைதானே!

தோனி எந்த ஊர்?

டொரன்டோ, வான்கூவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு இப்போது தலைவாஸைப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

முதலில், நம் ஊர் ஸ்டீவ் நாஷ். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி கிராமத்தைச் சேர்ந்தவர் தர்மராஜ் சேரலாதன். 40 வயதைத் தாண்டியும் பிடியைத் தளர்த்தாத தடுப்பாட்டக்காரர். 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பையை வென்றவர். அதே வருஷம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தவர். லீக் முழுக்க எல்லா மாநிலத்து வீரர்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று பல ஊர் ஜெர்சி போட்டவர், ஒரு வீரராகத் தமிழ் தலைவாஸ் ஜெர்சியை மட்டும் போடவே இல்லை. 2024-ல் வியூகப் பயிற்சியாளராகத்தான் இந்த அணிக்கு வந்தார்.

'அப்படியானால் தமிழ்நாட்டு வீரர்களை மட்டுமே எடுக்க வேண்டுமா?' என்று கேட்கலாம். அதற்குப் பதில் சென்னை சூப்பர் கிங்ஸிடமே இருக்கிறது. தோனி எந்த ஊர்? ராஞ்சி. ஆனாலும் அவர்தான் 'தல'. காரணம், 2008-ல் வந்தவர், அணி தடையில் இருந்த இரண்டு வருஷம் தவிர, எங்கும் போகவில்லை. வருஷா வருஷம் அதே முகம், அதே மஞ்சள். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, சென்னையிலிருந்து தனி ரயிலே பிடித்துப் போனார்கள் ரசிகர்கள். பத்து வருஷம் பழகிய உறவு அது.

தலைவாஸில் அஜய் தாக்கூர் மூன்று சீசன் கேப்டனாக இருந்தார். கொஞ்சம் ஒட்டுதல் வந்தது. அவர் போன பிறகு கேப்டன் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஏலத்துக்கு ஏலம் அணியில் பாதிப் பேர் புதுசு. ஒரு பையன் சுவரில் போஸ்டர் ஒட்டி அது காய்வதற்குள், அந்த வீரர் வேறு ஊர் ஜெர்சியில் வந்து நிற்கிறார். வெளியூர்க்காரர் என்பது நம் மக்களுக்கு எப்போதும் குறையாகப் பட்டதில்லை. தங்காமல் போவதுதான் ஒட்டவிடாமல் செய்கிறது.

அடுத்தது, தூரம். விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவர் தலைவாஸ் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அரியலூர் போய், ரயில் பிடித்து, நாலு மணி நேரம் போனால்தான் சென்னை. ஆட்டம் முடிய இரவு பத்து மணிக்கு மேல் ஆகும். திரும்பி வருவதற்குள் மறுநாள் வேலை போச்சு. 2025-ல் செப்டம்பர் கடைசியில் தொடங்கி இரண்டு வாரம் போல சென்னையில் ஆட்டங்கள் நடந்தன. நல்ல விஷயம்தான். ஆனால், கபடியின் வேர் சென்னையில் இருப்பதைவிட அதிகமாகக் கிராமத்தில் அல்லவா இருக்கிறது? தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமம் ஒரு கணேசனைத் தந்தது. 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அர்ஜுனா விருது வாங்கியவர். 2025-ல் வந்த 'பைசன்' படத்துக்கு அவருடைய வாழ்க்கைதான் உந்துதல். திருவாரூர் மாவட்டத்து வடுவூர் கபடிக்கென்றே பெயர் வாங்கிய ஊர். அங்கிருந்து போன அபினேஷ் 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்றார்.

கபடி மேட்டைக் கழற்றி லாரியில் ஏற்றலாம். என்.பி.ஏ. ஆட்டங்கள் வின்னிபெக் போனதுபோல, சீசனுக்கு முன் இரண்டு பயிற்சி ஆட்டங்களைத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ நடத்தினால், சுற்றுப்பட்டு மாவட்டமே திரண்டு வராதா? முடியாத காரியம் அல்ல. 2025 நவம்பர், டிசம்பரில் நடந்த ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையைத் தமிழ்நாடு சென்னையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மதுரையிலும் புது மைதானம் கட்டி, இலவச டிக்கெட் கொடுத்து நடத்தியது.

கண்ணகி நகர் சொல்லும் பாடம்

இன்னொரு பாதி ரசிகர்களை லீக் மறந்தே போய்விட்டது. அவர்கள் பெண்கள்.

2016-ல் ஒரு முறை, மூன்று அணிகளை வைத்துப் பெண்கள் கபடிப் போட்டியை நடத்திப் பார்த்தார்கள். அத்தோடு சரி. ஆனால், சென்னையில் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் ஒரு பெண்கள் கபடி அணி வளர்ந்துகொண்டே இருந்தது. அங்கிருந்து போன கார்த்திகா, பஹ்ரைனில் தங்கம் வென்று திரும்பியபோது ஊரே தெருவில் நின்று வரவேற்றது. கார்த்திகாவுக்கும் அபினேஷுக்கும் தலா 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது தமிழக அரசு. அதுவரை பலருக்கும் வேறு காரணங்களுக்காகவே தெரிந்திருந்த பெயர் கண்ணகி நகர். ஒரே வாரத்தில் அது கபடியின் பெயர் ஆனது.

அந்த வாரம் கபடி பற்றிப் பேசிய வீடுகள் எத்தனை! அத்தனைக்கும் காரணம் விளம்பரம் அல்ல. 'நம்ம பொண்ணு' என்ற ஒரு சொல். அபினேஷுக்கு நாளை புரோ கபடி என்று ஒரு வாசல் இருக்கிறது. கார்த்திகாவுக்கு அப்படி ஒரு வாசல் இன்னும் திறக்கவில்லை. டொரன்டோவுக்கோ பெண்களுக்கான புரொஃபஷனல் அணியாக 'டொரன்டோ டெம்போ' வந்துவிட்டது.

ஆண் பிள்ளைகளுக்கும் வழி சுலபம் என்று சொல்ல முடியாது. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன் மேட்டில் ஷூவோடு ஆடும்போது திருப்பம் வேறு, பிடி வேறு, கீழே விழும் முறையும் வேறு. பழகாமல் இறங்கினால் முழங்காலுக்கு ஆபத்து. தேர்வுக்குப் போகும் நாளில்தான் முதன்முதலாக மேட்டை மிதிக்கும் பையன் எப்படி ஜெயிப்பான்? மாவட்டத்துக்கு இரண்டு மூன்று அரசுப் பள்ளிகளிலாவது மேட் விரிந்தால், அடுத்த சேரலாதன் அங்கிருந்தே கிளம்பலாம். அவனைத் தலைவாஸ் எடுத்து, நாலைந்து சீசன் விடாமல் வைத்திருந்தால், அவன் ஊர் மட்டுமல்ல, அந்த வட்டாரமே அணிக்குச் சொந்தமாகிவிடும். தோற்றாலும் விட்டுப்போகாத சொந்தம்.

இதெல்லாம் நடக்காவிட்டால் என்ன ஆகும்? வான்கூவர்தான் பதில். ரசிகரோடு ஒட்டாத அணிக்கு எந்த ஊரும் ஒன்றுதான். பெயர்ப் பலகையைக் கழற்றி வேறு ஊரில் மாட்டிவிடலாம்.

விடிய விடிய ஒரு பாடம்

பொங்கல் இரவு மறுபடி வரும். திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். பனி இறங்கும் நேரத்தில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பெரியவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் ஒரு பக்கம். அரையிறுதி நடக்கும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள்.

யார் இவர்களை அழைத்தது? நடிகரா, விளம்பரமா? அதெல்லாம் இல்லை. ஆடுகிறவன் பக்கத்துத் தெருப் பையன். அவன் பாடிப் போகும்போது இவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவனைப் பிடித்து அமுக்கினால் இவர்களுக்கு வலிக்கிறது. போன வருஷமும் அவன் ஆடினான், அடுத்த வருஷமும் ஆடுவான் என்று தெரியும்.

பக்கத்தில் இரு, தங்கி இரு, எங்களில் ஒருவனாக இரு. ரசிகனைச் சேர்க்கும் வித்தை அவ்வளவுதான். டொரன்டோ அதைக் கற்றுக்கொள்ள 24 வருஷம் ஆனது. விக்கிரமங்கலம் பக்கத்துத் திடல்களுக்கு அது எப்போதோ தெரியும். தலைவாஸ் ஒரு பொங்கல் ராத்திரி இந்தப் பக்கம் வந்து பார்த்தால் போதும்.